தகரப் பெட்டியிலுள்ள தாள்களைக் காப்போம்

நம் தோட்டங்களில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. கட்டிலுக்கு அடியிலோ அலமாரியின் மேலோ இருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்தால் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுத் தாள், பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதித் தாள், ஊரிலிருந்து பாட்டனாருக்கு வந்த கடிதம், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஆகியவை கிடைக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு உலகில் வேறு படி கிடையாது. ஒரு வெள்ளம், ஒரு தீ, ஒரு கறையான் புற்று, அவசரமாக வீடு மாறும் ஒரு நாள் ஆகிய இவற்றுள் எது நேர்ந்தாலும் அந்தத் தாள் போய்விடும். அதனோடு அது சொல்லும் செய்தியும் போய்விடும்.

இத்தாள்களை வீட்டிலேயே மின்னிலக்க வடிவிற் பதிவு செய்து காப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். இதில் நமக்கு நல்ல எடுத்துக்காட்டாக விளங்குவோர் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் தமிழ் மக்கள். அவர்கள் செய்ததை முதலில் அறிந்து, பிறகு நாம் செய்ய வேண்டியதைப் படிப்படியாகக் காண்போம்.

எழுதப்பட்டவையும் எழுதப்படாதவையும்

ரப்பர் மரத்தின் வரலாற்றைச் சிங்கப்பூரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்திற்குக் கேடு வராமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டார். நாம் இன்று விடியற்காலையில் கத்தியைப் பிடிக்கும் முறைக்கு அதுவே மூலம். இச்செய்திகளை நாம் அறிவது எதனால்? அவை தாளில் எழுதப்பட்டு, அத்தாள்கள் காக்கப்பட்டமையால் அறிகிறோம். ஆனால், அக்காலத்தில் அம்மரங்களை நட்டு, களையெடுத்து, பால் வெட்டிய தொழிலாளர்களின் பெயர்களைத் தேடினால் மிகச் சிலவே அகப்படும்.

இதனினும் துயரமான சான்று சயாம் மரண இரயில் பாதையாகும். 1942-ஆம் ஆண்டிலும் 1943-ஆம் ஆண்டிலும் ஜப்பானியர் அமைத்த ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே இறந்த 12,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளுக்குப் படைப் பதிவேடுகள் இருந்தன. ஆகவே, காஞ்சனபுரியிலும் பிற இடங்களிலும் அவர்களுள் பெரும்பாலோரின் கல்லறைகளில் பெயரும் அகவையும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கோ அத்தகைய ஏடு இல்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதைக்கூட இன்றுவரை கணக்கிட்டுத்தான் சொல்கின்றனர். பெயர் எழுதிய தாள் இல்லாதவன் வரலாற்றில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே நிற்கிறான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சிங்கப்பூர்த் தமிழர் செய்த பணி

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தை நம்மில் பலர் அறிவர். தேக்கா என்று நாம் வழங்கும் அவ்விடத்தில் மாலைக் கடைகளும் நகைக் கடைகளும் கோயில்களும் நிறைந்துள்ளன. அங்கே கேம்பல் லேன் என்னும் தெருவில் 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. அதில் வைக்கப்பட்ட பொருள்களுள் பல, குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்து மனமுவந்து கொடுத்தவையாகும். நம் தகரப் பெட்டியில் இருப்பவை போன்ற பொருள்களே ஒரு சமூகத்தின் வரலாற்றுச் செல்வங்கள் ஆகும் என்பதை அந்நிலையம் காட்டுகிறது.

அதே 2015-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனது பொன்விழாவைக் கொண்டாடியது. அதனையொட்டித் தமிழர்கள் நாட்டிற்கு ஒரு பரிசளிக்க விரும்பினர். திரு. அருண் மகிழ்நன் அவர்களின் தலைமையில் தமிழ் மின்மரபுடைமைக் குழு ஒன்று அமைந்தது. 1965 முதல் ஐம்பது ஆண்டுகளில் சிங்கப்பூரில் வெளிவந்த தமிழ்க் கவிதை, சிறுகதை, நாவல், நாடக நூல்களைத் திரட்டி, ஏறத்தாழ 350 நூல்களைத் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்னிலக்க வடிவிற்கு மாற்றினர். அவற்றை இன்று எந்த நாட்டிலிருந்தும் இணையத்தில் படிக்கலாம். இலக்கியத்தை அடுத்து நாடகம், நடனம், இசை ஆகிய துறைகளின் ஆவணங்களையும் இவ்வாறே திரட்டினர்.

இப்பணியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பக்கங்களைப் படம் பிடிப்பது வேலையின் ஒரு பகுதியே. படத்திலுள்ள எழுத்தைக் கணினி தானாகப் படித்து எழுத்தாக மாற்றும் வசதி இருந்தபோதிலும், தமிழைப் படிக்கையில் அது பல பிழைகள் செய்தது. எனவே, தொண்டூழியர்கள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பிழை திருத்தினர். பொறி செய்த வேலையை மனிதக் கண்ணும் மனித அறிவும் நிறைவு செய்தன.

செய்தித்தாள்களும் இவ்வாறே காக்கப்பட்டுள்ளன. 1887-இல் மகுதூம் சாகிபு தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழையும், 1935-இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்களையும் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தளத்தில் காணலாம். 1957-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்த காலத்தில், குடியுரிமைக்குப் பதிந்து கொள்ளுமாறு தமிழர்களை இடைவிடாது வலியுறுத்தியவர் சாரங்கபாணி. உரிய காலத்தில் ஒரு தாளைப் பெற்று அதைக் காப்பது ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நம் நாட்டிலும் பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் அடையாள அட்டை பெற இயலாமல் அல்லலுற்ற குடும்பங்களை நாம் அறிவோம்.

தாள் ஏன் அழிகிறது?

மலிவான தாளில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதியாக இருக்கும். ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். தாளிலுள்ள அமிலம் நாளடைவில் அதன் நாரை அறுத்து, தொட்டால் நொறுங்குமாறு செய்யும். செய்தித்தாள் விரைவில் மஞ்சளாவது இதனால்தான்.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இதற்குத் துணை போகின்றன. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டிற்கும் மேலாகும். நம் தோட்டப்புறங்களின் நிலையும் அதுவே. ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். வெள்ளிமீன் பூச்சி தாளின் பசையைத் தின்னும். கறையான் தாளையே தின்றுவிடும். இரும்பு ஊசியும் காகிதப் பிடிப்பானும் துருவேறித் தாளை அரிக்கும்.

தாளைக் காக்க வேண்டுமென்று நல்லெண்ணத்தோடு செய்யும் செயல்களும் சில வேளைகளில் கேடாய் முடிகின்றன. கிழிந்த தாளில் ஒட்டும் நாடாவை ஒட்டினால் அதன் பசை ஊறிப் பழுப்புக் கறையாகும். சூடேற்றிப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டி விட்டால் பிறகு தாளைப் பிரிக்கவே இயலாது. உள்ளேயுள்ள மையும் கெடக்கூடும். அலுவலகங்கள் சில அத்தகைய பத்திரத்தை ஏற்கத் தயங்கும். ஆகவே, இவ்விரண்டையும் அறவே தவிர்க்க வேண்டும்.

பதிவு செய்யும் முறை

முதற்படி, பிரித்தல். ஒரே நாளில் பெட்டி முழுவதையும் முடிக்க முயல வேண்டா. சட்டத் தொடர்புடைய பத்திரங்கள், கடிதங்கள், படங்கள், கோயில் அல்லது சங்கத்தின் ஏடுகள் என நான்காகப் பிரித்துக் கொள்வோம். பத்திரங்களை முதலிலும், நொறுங்கும் நிலையிலுள்ளவற்றை அடுத்தும் எடுத்துக் கொள்ளலாம்.

இரண்டாம் படி, துப்புரவு. கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக் கொள்க. மென்மையான தூரிகையால் தூசியை மெல்லத் தட்டுக. ஊசிகளைப் பொறுமையாகக் கழற்றுக. ஈரத் துணியால் துடைப்பது கூடாது. ஒட்டிக் கொண்ட படங்களை இழுத்துப் பிரிப்பதும் கூடாது.

மூன்றாம் படி, பதிவு. இதற்கு ஸ்கேனர் என்னும் வருடிப் பொறி இருந்தால் நலம். பத்திரங்களுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அளவும், சிறு படங்களுக்கு 600 புள்ளி என்னும் அளவும் போதுமானவை. கறுப்பு வெள்ளைத் தாளானாலும் வண்ணத்திலேயே பதிவு செய்க. முத்திரையின் நீலமும், கையொப்பத்தின் மையும், பழுப்பேறிய இடமும் வண்ணத்திலேதான் தெளிவாகத் தெரியும். தாளின் பின்புறத்தையும் மறவாமல் பதிவு செய்க. பல முத்திரைகளும் குறிப்புகளும் பின்புறத்தில்தான் உள்ளன.

வருடி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. இன்று பலரிடமுள்ள கைபேசியே போதுமானது. சாதாரண ஏ4 தாளை 300 புள்ளி அளவிற் பதிவு செய்ய ஏறத்தாழ 87 இலட்சம் படப்புள்ளிகள் வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படத்தில் 120 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. எனவே, கருவியின் ஆற்றலில் குறையில்லை; குறை நேர்ந்தால் அது பெரும்பாலும் நம் கைகளின் அசைவாலும் ஒளியின் போதாமையாலும் நேர்வதே.

காலை பத்து மணியளவில், வெயில் நேரே விழாத சன்னலருகில் ஒரு மேசையைப் போடுக. அதன்மீது கருநிறத் துணியை விரித்துத் தாளை வைக்க. கைபேசியின் பளிச்சொளியை நிறுத்தி விடுக. இல்லையேல் படத்தின் நடுவே வெள்ளைப் புள்ளி விழும். இரு பக்கமும் சம உயரத்தில் புத்தகங்களையோ பால் டின்களையோ அடுக்கி, அவற்றின்மீது ஒரு கண்ணாடித் தட்டை வைத்தால் கைபேசியை அதன்மேல் அசையாமல் வைக்கலாம். கைபேசி தாளுக்கு நேர் மேலே, சாயாமல் இருத்தல் வேண்டும். தாள் படச்சட்டத்தை ஏறக்குறைய நிறைக்க வேண்டும். ஆயினும் நான்கு ஓரங்களும் தெரிய வேண்டும். எடுத்தவுடன் படத்தைப் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் அப்பொழுதே மீண்டும் எடுத்தல் நன்று.

நான்காம் படி, வடிவம். டிஃப் என்னும் வடிவம் எதையும் இழக்காமற் காக்கும். ஆனால் ஓர் ஏ4 பக்கத்திற்கு ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் பிடிக்கும். ஜேபெக் வடிவம் மிகக் குறைந்த இடத்தில் அடங்கும். வீட்டுத் தேவைக்கு உயர் தரத்தில் வைத்த ஜேபெக் போதும். பல பக்கங்களுள்ள ஏட்டைப் பிடிஎஃப் கோப்பாக ஒன்று சேர்க்கலாம். வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித் தெளிவைக் குறைக்கும். ஆவணமாக அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தால் குறையாது.

பெயரில்லாத படம் பாதிப் படமே

ஐந்தாம் படியே எல்லாவற்றினும் இன்றியமையாதது. அதுதான் விவரம் எழுதுதல்.

இதில் நாமே ஒருமுறை பிழை செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, மூடப்படவிருந்த ஒரு தோட்டத்தில், ஒரு முதியவரின் வீட்டிலிருந்த பழைய படங்களையெல்லாம் ஒரே மாலையில் கைபேசியிற் பதிவு செய்தோம். ஒரு படத்தில் 23 பேர் லயத்தின் முன்னே வரிசையாக நின்றனர். பெரியவர் ஒவ்வொருவரையும் சுட்டிக்காட்டிப் பெயர் சொன்னார். பொழுது சாய்ந்து விட்டது. பெயர்களை அடுத்த வாரம் வந்து எழுதிக் கொள்ளலாம் என்று திரும்பினோம். அடுத்த வாரம் அவர் மருத்துவமனையில் இருந்தார், வீடு திரும்பவில்லை. அப்படம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு முகமும் மிகத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு பேரின் பெயர் மட்டுமே நமக்குத் தெரியும்.

படத்தைப் பிறகு எடுக்கலாம், பெட்டியில் இருக்கும். பெயரையோ அப்பொழுதே எழுதிவிட வேண்டும். யார், எங்கே, எப்பொழுது, எந்த நிகழ்ச்சி, யார் சொன்னது என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதுக. படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுக. பேனா மை முன்புறத்திற்கு ஊறிவிடும்.

கோப்பின் பெயரில் ஆண்டை முதலில் வைக்க வேண்டும். '1962-05-14 பிறப்புப்பத்திரம் அம்மா 01' என்று எழுதினால், கணினி அவற்றைக் கால வரிசையில் தானே அடுக்கிவிடும். இதனோடு ஒரு பள்ளிக் குறிப்பேட்டிலும் கோப்பின் பெயரையும் விவரத்தையும் எழுதி வைப்பது நன்று.

பாட்டனாரின் கையெழுத்துக் கடிதத்தைப் பொறியால் படிக்க இயலாமற் போகலாம். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான நூல்களில் 'ணை', 'லை', 'றா' போன்றவை வேறு வடிவில் இருந்தன. இளைஞர்களும் அவற்றைக் கண்டு திகைப்பர். எனவே, வீட்டுப் பெரியவரைப் படிக்கச் சொல்லி அவர் குரலைக் கைபேசியில் பதிவு செய்து கொள்க. சிங்கப்பூரில் 1979-இலேயே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றை அமைத்து, சாதாரண மக்களின் நினைவுகளையும் ஒலி நாடாவிற் பதிவு செய்யத் தொடங்கினர். 2015-இல் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம், பழைய கையெழுத்து ஏடுகளைப் படித்து எழுதவும், படங்களில் உள்ளோரையும் உள்ள இடங்களையும் அடையாளம் காட்டவும் பொதுமக்களையே அழைத்தது. பெருங்காப்பகங்களுக்கும் நினைவுள்ள மனிதரின் துணை தேவைப்படுகிறது என்பதை இதனால் அறியலாம்.

மூன்று படிகள், இரண்டு கருவிகள், ஓர் அயலிடம்

ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே நாளில் அழியும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. பின்னர் 2005-இல் ஈழத்து ஆர்வலர்கள் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, சிதறிக் கிடந்த நூல்களை இணையத்தில் ஏற்றி வருகின்றனர். அவர்கள் பட்டறிவாற் கண்ட பாடம் நமக்கும் உரியது.

ஆகவே, ஒவ்வொரு கோப்பிற்கும் மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை குறைந்தது இரண்டு வகைக் கருவிகளில் இருக்க வேண்டும். ஒரு படி வேறு ஊரில் இருக்க வேண்டும். கைபேசியில் ஒன்று, வீட்டிலுள்ள விரல் வட்டில் ஒன்று, பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளையின் கணினியிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று என வைக்கலாம். விரல் வட்டு என்றென்றும் நிலைப்பதன்று. ஆண்டுக்கொரு முறை, பொங்கல் நாளிலோ தீபாவளி விடுமுறையிலோ, கோப்புகளைத் திறந்து பார்த்துப் புதிய வட்டிற்கு மாற்றுவதை வழக்கமாக்கிக் கொள்க.

எச்சரிக்கைகள் இரண்டு. முதலாவது, பதிவு செய்து விட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடக் கூடாது. குடியுரிமை, நிலம், சேமநிதி ஆகியவற்றில் மூலப் பத்திரத்தையே கேட்பர். மூலங்களை மடிக்காமல், உலர்ந்த உறைகளில் இட்டு, தரையிலிருந்து உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள படங்களைக் கண்ட குழுக்களில் பகிர்தல் கூடாது. அவற்றைக் கொண்டு மோசடி செய்வோர் உளர். பிறருடைய கடிதத்தையோ படத்தையோ வெளியிடுமுன் உரியவரின் இசைவைப் பெறுதல் பண்பாகும்.

நம் கடமை

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் பழைய நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக அறிவிப்புகளையும்கூட வாழ்நாள் முழுதும் சேர்த்தார். பிறர் குப்பை என எண்ணியவற்றை அவர் செல்வமென மதித்தார். அவர் தொகுப்பைக் கொண்டே 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஒன்று எழுந்தது. நம் நாட்டிலும் 1957-இல் நிறுவப்பட்ட தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஆனால், நம் லயத்து வீட்டின் பெட்டியில் என்ன இருக்கிறதென்று நாம் சொன்னாலன்றி எந்தக் காப்பகமும் அறிய இயலாது.

தோட்டங்கள் பல கைமாறிவிட்டன, சில நகரங்களாகிவிட்டன. கோயிலின் வரவு செலவுக் கணக்கு, தமிழ்ப்பள்ளியின் ஆண்டுப் படம், தொழிற்சங்கக் கூட்டத்தின் அறிவிப்பு, பழைய செக்ரோல் ஏட்டின் கிழிந்த பக்கம் ஆகிய ஒவ்வொன்றும் அங்கே மனிதர் வாழ்ந்தனர், உழைத்தனர் என்பதற்குச் சான்று. தொழிற்சங்கக் கிளைகளும் கோயில் நிருவாகங்களும் இளைஞர் மன்றங்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால், ஓராண்டில் ஒரு தோட்டத்தின் வரலாறே திரண்டுவிடும். கைபேசியை இளைஞர் பிடிக்கட்டும். பெயர்களைப் பெரியவர் சொல்லட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகரப் பெட்டியைத் திறப்போம். ஒரே ஒரு படத்தை எடுத்துக் கொண்டு வீட்டிலுள்ள மூத்தவரின் அருகில் அமர்வோம். "இவர் யார்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அப்பொழுதே எழுதிக் கொள்வோம்.